வாரம் ஒரு குடம் தண்ணீர்: வீட்டு மீன் தொட்டியைப் பராமரிக்கும் முறை

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளின் கைகளில், காற்றடைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பைகள் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த மீன்களில் பல அடுத்த மாதத்தைக் காண்பதில்லை. கவனிக்காமல் விட்டதால் இறப்பவற்றைக் காட்டிலும், அளவுக்கு மீறிக் கவனித்ததால் இறப்பவையே அதிகம் என்பது என் அனுபவம். நான் முதன்முதலில் வைத்த தொட்டியில் நீர் சற்று மங்கியதும், மீன்களை வாளிக்கு மாற்றி, நீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களை வெந்நீரில் அலசி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வெண்மையாகும் வரை பிழிந்து, எல்லாவற்றையும் புத்தம்புதிதாக அடுக்கினேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் காலையில் ஐந்து மீன்கள் மேலே மிதந்தன. அந்தச் சாவுக்குக் காரணம் என்னவென்று விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் ஆயின. புதிதாகத் தொடங்குபவர்கள் அதை முதல் நாளே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

மீன் தான் உண்டதன் கழிவை அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் உணவும், உதிர்ந்த இலையும், கவனிக்காமல் விட்ட இறந்த மீனும் அதே அம்மோனியாவைத்தான் உண்டாக்குகின்றன. ஆற்றிலும் குளத்திலும் அது பெருநீரில் கரைந்து போகும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அம்மோனியா இருப்பது கண்ணுக்குப் புலப்படாது. மீனின் செவுள்தான் அதை முதலில் உணர்கிறது.

இந்த நஞ்சை அகற்றும் வேலையை இருவகை பாக்டீரியாக்கள் செய்கின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான், அது மீனின் இரத்தத்தில் கலந்து உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். நைட்ரோஸ்பைரா போன்ற இரண்டாம் வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. அது சேரச்சேர நாம் நீரை மாற்றி வெளியேற்றினால் போதும். இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பதைவிட ஃபில்டர் பஞ்சிலும், கற்களின் மேற்பரப்பிலும், கண்ணாடியின் வழவழப்பான படலத்திலுமே குடியிருக்கின்றன. நான் அன்று வெந்நீரும் குழாய் நீரும் ஊற்றிக் கொன்றது இவற்றைத்தான். நாம் அழுக்கென்று கருதும் அந்தப் பழுப்புப் படலம்தான் தொட்டியின் உயிர்நிலை.

நம் ஊர் நீருக்குரிய ஒரு செய்தியையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7 உள்ள நீரில், மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே கொல்லும் வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆகும்போது அது ஏறத்தாழ 5 விழுக்காடாகிவிடும். வெப்பம் கூடினால் இன்னும் ஏறும். நம் போர்வெல் நீர் பல இடங்களில் கடினமானதாகவும் காரத்தன்மை கொண்டதாகவும் இருப்பதால், அதே அளவு அம்மோனியா இங்கே பன்மடங்கு கொடியதாகிறது.

தொட்டியும் அதன் இடமும்

கண்ணாடிக் கிண்ணத்தை வாங்க வேண்டாம். அழகாக இருந்தாலும் அதில் ஐந்தாறு லிட்டர் நீரே கொள்ளும். அத்தனை சிறிய நீரில் காலையில் நேர்ந்த தவறு மாலைக்குள் உயிரைக் கொண்டுபோய்விடும். இரண்டடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமும் உள்ள தொட்டி தொடங்குபவர்களுக்கு ஏற்றது. கணக்குப்படி அது 56 லிட்டர் கொள்ளும். கற்களுக்கும் மேலே விடும் இடைவெளிக்கும் கழித்தால் 45 லிட்டர் நீர் நிற்கும். எல்லாம் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல் எடை வரும் என்பதால், ஆடாத மேசையின் மேல் தெர்மாகோல் தகட்டைப் பரப்பி, அதன் மேல் தொட்டியை வைக்க வேண்டும். அடிப்பலகையில் சிறு மேடு இருந்தாலும் கண்ணாடி அந்த இடத்திலேயே விரிசல் விடும். அதைத் தெர்மாகோல் தாங்கிக்கொள்ளும்.

ஜன்னல் வெயில் நேரே படும் இடம் ஆகாது. ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்கு மேலே மாட்ட வேண்டும். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் குழாய் வழியே நீர் இறங்கிப் பம்ப்புக்குள் போய்விடும். மின்கம்பி பிளக்குக்குச் செல்லும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், கம்பியில் வழியும் நீர் பிளக்கை அடையாமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

ஃபில்டர்களில், ஏர் பம்ப்பின் காற்றால் நீரைப் பஞ்சு வழியே இழுக்கும் ஸ்பான்ஜ் ஃபில்டரையே நான் பரிந்துரைப்பேன். விலை குறைவு, குஞ்சுகளை உறிஞ்சாது, பாக்டீரியா தங்க நிறைய இடம் தரும். இரண்டு பஞ்சுகள் உள்ளதாக வாங்கினால் ஒன்றை அலசும்போது மற்றொன்று வேலையைத் தொடரும்.

தண்ணீரை ஆயத்தம் செய்தல்

மாநகரக் குடிநீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் கலந்திருக்கும். நம்மைக் காக்கும் அந்தக் குளோரின் மீனின் செவுளைச் சுட்டுவிடும், பாக்டீரியாக்களையும் கொல்லும். அகன்ற வாய் உள்ள பாத்திரத்தில் நீரைப் பிடித்து, முடிந்தால் காற்றுக் குழாயைப் போட்டு, ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரத்துக்கு, கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கப்படும் துளிமருந்தைச் சீசாவில் குறித்துள்ள அளவுப்படி சேர்க்கலாம்.

போர்வெல் நீரில் குளோரின் இல்லை என்பதற்காக அதை நேரே ஊற்றிவிடக் கூடாது. நிலத்தடியிலிருந்து வரும் நீரில் உயிர்வளி குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருக்கலாம். ஓர் இரவு காற்றோட்டத்தில் வைத்தால் அது சீராகும். ஆர்.ஓ. நீரையும் கேன் தண்ணீரையும் தனியே பயன்படுத்துவது நல்லதன்று. அவற்றில் தாதுக்கள் மிகக் குறைந்துவிட்டதால் பி.எச். நிலையாக நிற்காது. உங்கள் போர்வெல் நீர் மிகவும் உப்பாக இருந்தால், அதனுடன் பாதி ஆர்.ஓ. நீரைக் கலந்து, ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தைக் கடைப்பிடியுங்கள். மீன் தன் நீருக்குப் பழகிக்கொள்ளும். வாரந்தோறும் மாறும் நீருக்குத்தான் அதனால் பழக முடியாது.

மீன் இல்லாத ஒரு மாதம்

இந்தக் கட்டத்தைத்தான் பலர் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். கற்களைக் கழுவி இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, நீர் ஊற்றி, ஃபில்டரை ஓட விட்ட பிறகு, நான்கு முதல் ஆறு வாரங்கள் மீன் விடாமல் இருக்க வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டால் அது அழுகி அம்மோனியாவைத் தரும். அதைத் தின்ன பாக்டீரியாக்கள் பெருகும். நண்பர் வீட்டில் நோயில்லாமல் ஓடும் தொட்டி இருந்தால், அதன் பழைய ஸ்பான்ஜை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் வைப்பது காத்திருக்கும் காலத்தைப் பெரிதும் குறைக்கும்.

இடையில் ஒருநாள் நீர் பால்போல் மங்கும். அப்போது கை துறுதுறுக்கும். நீரை மாற்றாமல் பொறுத்திருங்கள், சில நாட்களில் தானே தெளியும். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும் அளக்கும் சோதனைத் துளிமருந்துப் பெட்டி ஒன்றை வாங்கிவிடுவது நல்ல முதலீடு. முதல் இரண்டும் சுழியமாகி, நைட்ரேட் மட்டும் தெரியும் நாளே மீன் வாங்கக் கிளம்ப வேண்டிய நாள்.

எந்த மீன், எத்தனை

தொடங்குபவர்களுக்குக் கப்பி மீனைவிட ஏற்றது இல்லை. கொசுப்புழுவைத் தின்பதற்காக நம் ஊர்க் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடப்பட்டு வந்த மீன் இது. நம் வெயிலும் கடின நீரும் அதற்கு ஒத்துவரும். 45 லிட்டர் நீரில் ஆறு ஆண் கப்பிகளை விடுங்கள். பெண்ணையும் சேர்த்தால் ஏறத்தாழ மாதம் ஒருமுறை குஞ்சுகளை ஈன்று, அரையாண்டில் தொட்டி நிரம்பிவிடும். மோலியும் இதே நீரை விரும்பும். ஃபைட்டர் மீன் மேலே வந்து காற்றையே சுவாசிக்க வல்லது; அதனாலேயே அதைக் குவளையில் வைக்கிறார்கள். ஆனால் அதற்கும் 20 லிட்டர் நீரும், தனி வீடும், மெல்ல ஓடும் ஃபில்டரும் வேண்டும்.

தங்கமீனை இந்தத் தொட்டியில் விட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். அரையடிக்கு மேல் வளரக்கூடிய, மிகுதியாகக் கழிவு வெளியேற்றும் மீன் அது. ‘தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீனும் அப்படித்தான். இரண்டு அங்குலத்தில் வாங்கும் அது ஒன்றரை அடி வரை வளரும். அது தின்னும் பாசியைவிட இடும் கழிவே அதிகம். வளர்ந்த பிறகு ஏரியில் கொண்டுபோய் விடுபவர்களால் அது நம் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்து, மீனவர்களின் வலைகளையும் கிழிக்கிறது. வேண்டாத மீனை எந்த நீர்நிலையிலும் விடாமல் கடைக்கோ, பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கோ கொடுத்துவிடுங்கள்.

வாங்கி வந்த பையைத் தொட்டி நீரில் 20 நிமிடம் மிதக்க விட்டு, பிறகு வாயைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரைக் குவளை தொட்டி நீரைப் பைக்குள் ஊற்றி வர வேண்டும். அரை மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடை நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. முதல் வாரம் மூன்று மீன்களும், இரு வாரம் கழித்து மற்ற மூன்றும் வந்தால் பாக்டீரியாக்கள் ஈடுகொடுக்கும். ஏற்கெனவே மீன்கள் உள்ள தொட்டியாக இருந்தால், புதியவற்றை ஃபில்டர் வைத்த தனித் தொட்டியில் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து பார்ப்பது கட்டாயம்.

உணவு

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவை நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ கொடுங்கள். வீட்டில் ஒருவர் மட்டுமே உணவிட வேண்டும். பாட்டி ஒருமுறை, பிள்ளைகள் ஒருமுறை என்று போட்டுக் கெட்ட தொட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நன்கு வளர்ந்த, நோயற்ற மீன் நான்கைந்து நாள் உணவில்லாமல் தாங்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் உணவு டப்பாவை அப்படியே ஒப்படைப்பதைவிட அது பாதுகாப்பானது. சாக்கடையோரம் எடுக்கப்படும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு நோயைக் கொண்டுவரக்கூடும், தவிர்த்துவிடுங்கள்.

வாரம் ஒரு குடம்

பராமரிப்பின் நடுநாடி இதுதான். வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியின் நீரில் கால் பங்கை மாற்ற வேண்டும். 45 லிட்டர் தொட்டிக்கு இது ஏறத்தாழ ஒரு சிறிய பிளாஸ்டிக் குடத்தின் அளவு. அந்தக் குடத்தையும் ஒரு வாளியையும் இதற்கென்றே ஒதுக்கிவையுங்கள். சோப்புத்தூள் பட்ட வாளி ஆகவே ஆகாது.

முந்தைய இரவே குடத்தில் நீர் பிடித்து வைத்துவிடுங்கள். கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நண்பகலில் வரும் நீர் கை சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். அதை நேரே ஊற்றினால் குளோரினே இல்லாவிட்டாலும் மீன் தாங்காது. மறுநாள் காலையில் ஃபில்டர், விளக்கு எல்லாவற்றின் மின் இணைப்பையும் நீக்குங்கள். கையைச் சோப்பில்லாமல் முழங்கை வரை கழுவிக்கொண்டு, புதிய பஞ்சுத் துண்டால் முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடையுங்கள். மற்ற மூன்று பக்கங்களிலும் படலம் இருக்கட்டும்.

பிறகு ஒரு விரல் பருமனுள்ள குழாயை முழுவதும் தொட்டி நீருக்குள் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, தொட்டியைவிடத் தாழ்வாக வைத்த வாளியில் விட்டால் நீர் தானே இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டாம். நீருக்குள் இருக்கும் முனையைக் கற்களுக்குள் சிறிது செருகி, கழிவு கலங்கி மேலெழுந்து குழாய்க்குள் போனதும் அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். ஒரு வாரம் இடப்பாதி, மறுவாரம் வலப்பாதி என்று செய்தால் கற்களில் வாழும் பாக்டீரியா ஒரே நாளில் குலையாது. வாளி நிரம்பியதும் நிறுத்திவிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம்’ என்ற ஆசை வேண்டாம்.

புதிய நீரில் கை விட்டுப் பார்த்து, தொட்டி நீரின் வெப்பத்தோடு ஒத்திருந்தால், ஒரு தட்டின் மேல் மெல்ல ஊற்றுங்கள். வாளியில் எடுத்த பழைய நீரை வீணாக்க வேண்டாம். நைட்ரேட் கலந்த அந்த நீர் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரம். உப்போ மருந்தோ கலந்த வாரங்களில் மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள்.

ஃபில்டர் பஞ்சை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, காற்றுக் குமிழி மெலிவது தெரிந்தால் மட்டும், அந்த வாளியின் பழைய நீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்து திருப்பி மாட்டுங்கள். அது பழுப்பாகவே இருக்கும், இருக்கட்டும்.

பாசியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விளக்கை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் நிறுத்தி, உணவைக் குறைத்தால் பாசியும் குறையும். நீரே பச்சையானால் அதற்கும் காரணம் வெளிச்சமும் மிகுதியான உணவும்தான். கண்ணாடியின் மேல் விளிம்பில் படியும் வெள்ளை உப்புக் கறையை, வெளிப்புறத்திலும் நீர்மட்டத்துக்கு மேலும், வினிகர் தொட்ட துணியால் துடைத்து எடுக்கலாம்.

வெயில், மின்தடை, கொசுமருந்து

25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் உயிர்வளி கரையும்; 32 டிகிரியில் அது 7.3 அளவுக்கு இறங்கிவிடும். அதே வேளையில் வெப்பம் மீனின் உயிர்வளித் தேவையைக் கூட்டுகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் மூடியை விலக்கி வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். பனிக்கட்டியைப் போட வேண்டாம். திடீர் ஏற்ற இறக்கம் வெப்பத்தைவிடக் கொடியது. உணவையும் பாதியாகக் குறையுங்கள்.

மின்தடை நீண்டால் பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் கைகொடுக்கும். அது இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குவளையால் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து ஊற்றுங்கள். மூடிய பெட்டிபோன்ற ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே நீர் கெட்டிருக்கும். பழைய தொட்டி நீரில் அலசிவிட்டே மீண்டும் ஓட்ட வேண்டும்.

கொசுவிரட்டி பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. சுருளிலும், திரவக் கொசுவிரட்டியிலும், தெளிப்பானிலும் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சி நீருக்குள் தள்ளுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். தொட்டி உள்ள அறையில் இவற்றைப் பயன்படுத்தாமல் வலை கட்டிக்கொள்வதே நல்லது. வீட்டுக்கு வண்ணம் பூசும் நாட்களிலும் தொட்டியை மூடி, பம்ப்பை வெளிக்காற்று வரும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மீன் நோயுற்றால்

தினமும் உணவிடும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். துடுப்பை உடலோடு ஒட்டிக்கொள்வது, கல்லில் உரசுவது, மேற்பரப்பில் வாய் பிளப்பது, உணவுக்கு வராமல் மூலையில் நிற்பது ஆகியவை முதல் அறிகுறிகள். எதைக் கண்டாலும் மருந்தைத் தேடுவதற்கு முன் நீரைச் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால், உணவை நிறுத்தி, காற்றைக் கூட்டி, ஆயத்தம் செய்த நீரால் பாதியை உடனே மாற்றுங்கள். பல ‘நோய்கள்’ இதிலேயே தீர்ந்துவிடும்.

உடலில் ரவையைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றினால் அது வெண்புள்ளி நோய். அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி, மீனின் தோலுக்கடியில் வளர்ந்து, பிறகு உதிர்ந்து அடியில் படிந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து மீண்டும் மீனைத் தேடி நீந்துகிறது. அந்த நீந்தும் பருவத்தில் மட்டுமே உப்பும் மருந்தும் அதைக் கொல்லும். எனவேதான் புள்ளிகள் மறைந்ததும் சிகிச்சையை நிறுத்துபவர்களின் தொட்டியில் நோய் இரட்டிப்பாகத் திரும்புகிறது. கப்பிக்கும் மோலிக்கும், கல் உப்பை லிட்டருக்கு 2 கிராம் வீதம் தனியே கரைத்து, ஒரு நாளில் மூன்று தவணையாகச் சேர்த்து, கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடருங்கள். மாற்றும் நீருக்கு மட்டும் அதே கணக்கில் உப்பு சேர்க்க வேண்டும். செடிகளும் செதிலற்ற மீன்களும் உப்பைத் தாங்கா. மெத்திலீன் புளூ போன்ற நீல மருந்துகள் நல்ல பாக்டீரியாக்களையும் கொல்லும் என்பதால் தனித் தொட்டியில் மட்டுமே பயன்படுத்துங்கள். செதில்கள் சிலிர்த்து வயிறு ஊதிய மீன் பிழைப்பது அரிது. அதைப் பிரித்து வைத்து, மற்றவற்றின் நீரைக் காப்பாற்றுங்கள்.

பல மாதம் கவனிக்காமல் விட்ட தொட்டி

வேலைப்பளுவால் மாதக்கணக்கில் நீர் மாற்றாமல் விட்டவர்கள், ஒருநாள் மனம் வருந்தி முழுவதையும் மாற்ற நினைப்பார்கள். அதுவும் ஆபத்து. நீர் மெல்லக் கெட்டதால் மீன் அதற்குப் பழகியிருக்கும். புதிய நீரால் தொட்டியின் பி.எச். திடீரென்று ஏறும்போது அதுவரை தீங்கு குறைவாக இருந்த அம்மோனியா நஞ்சாக மாறிவிடும். முதல் வாரம் நாள்தோறும் ஐந்து லிட்டர் மட்டும் மாற்றுங்கள். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் அதே அளவு மாற்றி, கற்களை ஒரு மூலையிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுங்கள். ஃபில்டரை மூன்றாம் வாரம் வரை தொட வேண்டாம். நான்காம் வாரத்திலிருந்து ஒரு குடம் என்ற வழக்கத்துக்கு வந்துவிடலாம்.